ஏரியின் எல்லை

நூலைக் கற்பது கல்வியின் ஒரு பாதி. கண்முன் விரிந்து கிடக்கும் இயற்கையைக் கற்பது மற்றொரு பாதி. மரமும் பறவையும் நீரும் ஒன்றோடொன்று இணைந்து வாழும் முறையை நேரிற் கண்டாலன்றி மாணவர் தெளிய உணரார். இதன் பொருட்டே பள்ளிகள் மாணவரைக் காட்டிற்கும் ஏரிக்கும் அழைத்துச் சென்று கள ஆய்வு செய்விக்கின்றன.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்திற்கு அருகே வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேரே. ஏரியினுள்ளே நீர்க்கடம்ப மரங்கள் தோப்பாய்ச் செறிந்து நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், ஆயிரக்கணக்கான பறவைகள் இம்மரங்களில் வந்து கூடு கட்டுகின்றன.

தை மாதத்து விடியற்காலையொன்றில் பள்ளி மாணவர் சிலர் தம் ஆசிரியரோடு இவ்வேரிக்கரையை அடைந்தனர். ஆசிரியர் அவர்களை நோக்கி, “உரக்கப் பேசாதீர்கள், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள், ஏன் என்று கேளுங்கள்” என்றார். மாணவர் முதலில் ஏரியின் படத்தை வரைந்தனர். கரை, மதகு, மரங்கள் ஆகியவற்றைக் குறித்து, அவற்றைச் சுற்றி எல்லைக்கோடு இட்டனர்.

கரையில் மரங்கள் பல இருப்பவும், பறவைகள் நீருள் நிற்கும் மரங்களை மிகுதியாக நாடுவது ஏன் என்று ஒரு மாணவி வினவினாள். ஆசிரியர் விடை கூறாது, “கோட்டையைச் சுற்றி அகழி எதற்கு, அம்மா?” என்று கேட்டார். அவள் உண்மையை உணர்ந்தாள். பூனையும் கீரியும் நீரைக் கடந்து மரம் ஏறுதல் அரிது. ஆதலின் ஏரி நீரே கூடுகளுக்கு அகழியாகின்றது. நீர்க்கடம்போ பல திங்கள் நீரில் நின்றும் அழுகாது தழைக்கும் இயல்பினது. மழை பொய்த்த ஆண்டுகளில், மரங்கள் இருந்தும், கூடு கட்ட வரும் பறவைகள் குறைந்துவிடுகின்றன.

பின்னர் மாணவர் பறவைகளின் அலகுகளை ஆராய்ந்தனர். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடியபோதும் நடுவே இடைவெளி உடையன. அது நத்தையின் ஓட்டினின்று சதையைப் பிரித்து உண்ணும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை ஆழமற்ற நீரில் இருபுறமும் வீசி இரை தேடும். பாம்புத்தாரா நீருள் மூழ்கிக் கூரிய அலகால் மீனைக் குத்திப் பிடிக்கும். கூழைக்கடா அலகின் கீழுள்ள பையால் மீனை முகந்தெடுக்கும். உணவும் அதனைத் தேடும் முறையும் வேறுபடுதலின், பல இனங்கள் அருகருகே கூடு கட்டி வாழ இயலுகின்றது.

அவ்வேளையில் ஒரு மாணவன், பறவைகள் மேலெழுந்தால் எண்ணுவது எளிது என்று கருதிக் கைகளை ஓங்கித் தட்டினான். கரைக்கு அருகிலிருந்த மரத்துப் பறவைகள் திடுக்கிட்டு எழுந்தன. அவை திரும்புமுன் காகம் ஒன்று கூட்டிற் பாய்ந்து, முட்டையொன்றைக் கவ்விச் சென்றது. மாணவன் முகம் வாடி நின்றான். ஆசிரியர் அவனைக் கடிந்துரைக்கவில்லை. “தம்பி, இதனையும் எழுது” என்றார். “என் கைதட்டலால் ஒரு முட்டை அழிந்தது” என்று அவன் தன் குறிப்பேட்டில் எழுதினான்.

ஏரிக்குக் கீழுள்ள வயலில் முதிய உழவர் ஒருவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். “தாத்தா, ஏரி மீன்களைப் பறவைகள் தின்பது உங்களுக்கு இழப்பன்றோ?” என்று மாணவர் கேட்டனர். அவர் நகைத்து, “இழப்பன்று, பிள்ளைகளே! இவற்றின் எச்சம் கலந்த நீர் எங்கள் பயிருக்கு எரு. இவை அஞ்சுமென்று தீபாவளிக்கும் நாங்கள் வெடி வெடிப்பதில்லை” என்றார். எச்சத்திலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து வயலை அடைகின்றன என்பதை ஆசிரியர் விளக்கினார். இப்பயனை அறிந்த அவ்வூரார், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது வாளாவிருக்கவில்லை. மாவட்ட ஆட்சித்தலைவரிடம் முறையிட்டு, 1798 ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமை ஆவணத்தைப் பெற்றனர்.

மாலையில் பறவைகள் நாற்றிசையினின்றும் கூட்டங்கூட்டமாகத் திரும்பின. குஞ்சுகள் வாய் திறந்து இரைக்குக் கதறின. “இவ்விரை எங்கிருந்து வந்தது?” என்று ஆசிரியர் வினவினார். இத்துணைப் பறவைகளுக்கும் இச்சிற்றேரி உணவளிக்க இயலாது என்பதை மாணவர் உணர்ந்தனர். சுற்றுவட்டார ஏரிகளும் நெல்வயல்களும் சதுப்பு நிலங்களுமே இவற்றின் உணவுக் களஞ்சியம். அங்கே நஞ்சு கலந்தாலும், அவ்வேரிகள் தூர்க்கப்பட்டாலும், இங்கே குஞ்சுகள் பட்டினி கிடக்கும். வேடந்தாங்கல் ஏரியை மட்டும் எத்துணைக் கண்ணுங்கருத்துமாய்க் காத்தாலும் பயனில்லை. இதனாலன்றோ 1998 ஆம் ஆண்டில் அரசு, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியையும் சரணாலயமாக அறிவித்தது! 2022 ஆம் ஆண்டில் இவ்வேரி, ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது.

மாணவர் காலையில் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தனர். கரையைச் சுற்றி இட்ட எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, பறவைகள் வந்த திசைகளையெல்லாம் அம்புக்குறியால் காட்டினர். அவை அண்டை ஊர்களின் ஏரிகளையும் வயல்களையும் நோக்கி நீண்டன. அவற்றுள் சில அம்மாணவரின் சொந்த ஊர்கள். தம் ஊர்க்குளத்தில் குப்பை கொட்டினால், வேடந்தாங்கலில் ஒரு குஞ்சு பசித்திருக்கும் என்பதை அவர்கள் அன்று அறிந்தனர். இயற்கையைக் காக்கும் கடமை ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் தொடங்குகின்றது.