தூணும் போதிகையும் தாங்கும் தொழுகைக்கூடம்: கீழக்கரை ஜும்மா பள்ளிவாசலை எப்படிப் பார்ப்பது?

பள்ளிவாசல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரிய குவிமாடமும் உயர்ந்த மினாராவும்தான். ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் உள்ள பழைமையான ஜும்மா பள்ளிவாசலின் தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்தால், அந்த எண்ணம் மாறிவிடும். வரிசை வரிசையாகக் கல்தூண்கள். அவற்றின் மேல் போதிகைகள். அதற்கும் மேல் தட்டையான கல் கூரை. நம் ஊர்க் கோயில் மண்டபத்துக்குள் நிற்பது போலவே இருக்கும்!

கட்டியவர் யார்?

17-ம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கட்டியவர் வள்ளல் சீதக்காதி என்கிறார்கள். இவரின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். முத்து, மிளகு, அரிசி என்று கடல் வணிகம் செய்த மரைக்காயர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமானவர். டச்சு ஆவணங்கள் இவரை 'பெரியதம்பி மரைக்காயர்' என்று குறிப்பிடுகின்றன. சீதக்காதியின் அடக்கத்தலம் இந்தப் பள்ளிவாசல் வளாகத்திலேயே இருக்கிறது. அவர் மதித்த மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் தர்காவும் அருகில்தான்.

கடலூர் மாவட்டத்துக்கும் இவரோடு ஒரு தொடர்பு உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணம் எழுதத் துணைநின்றவர் சீதக்காதி. அவர் மறைந்த பிறகு புலவரை ஆதரித்தவர், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்.

எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தூண்கள். கோயில் தூண்களில் தெய்வ உருவங்கள் இருக்கும். இஸ்லாத்தில் உருவ வழிபாடு இல்லை என்பதால், இங்கே பூக்களும் கொடிகளும் கோட்டு வடிவங்களும் மட்டுமே. அடுத்து, தூணுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள போதிகை. கூரையின் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் இந்தக் கல், தமிழகக் கோயில் கட்டடக்கலையின் அடையாளம். மூன்றாவது, மக்கா இருக்கும் மேற்குத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம். கருவறை இல்லை, எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தொழும் திறந்த கூடம்.

சமயம் வேறு, கல் வேலை ஒன்றுதான். இந்த மண்ணின் கல்தச்சு மரபே இங்கே தொழுகைக்கும் இடம் அமைத்துத் தந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் 'பள்ளி', 'தொழுகை', 'நோன்பு' என்று தமிழ்ச் சொற்களாலேயே தங்கள் வழிபாட்டைச் சொல்வதும் இதே கதைதான்.

கூட்டம் பெருகும்போது பழைய பள்ளிவாசல்களைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். காங்கிரீட் விரிவாக்கத்தையும் பெயின்ட் பூச்சையும் தாண்டி, செதுக்கிய தூண்கள் அப்படியே நிற்க வேண்டும். ஒருமுறை இடித்துவிட்டால், இந்தக் கதையைச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

எப்படிப் போவது?

விருத்தாசலம், திருச்சி வழியாக ராமேஸ்வரம் செல்லும் ரயிலில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கினால், கீழக்கரைக்குப் பேருந்து கிடைக்கும். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்.