‘யாருக்கும் விற்க மாட்டேன்!’ - துறவிகளின் பீர் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்த கதை

2018, மார்ச் மாதம். நெதர்லாந்தில் இருந்த ‘யான் லின்டர்ஸ்’ என்ற சூப்பர் மார்க்கெட்டின் கிளைகளில் புதிதாக ஒரு சரக்கு வந்து இறங்கியது. மொத்தம் 7,200 பாட்டில் பீர். பாட்டிலில் காகித லேபிள்கூடக் கிடையாது. மூடியைப் பார்த்துத்தான் என்ன பீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால், விலை மட்டும் ஒரு பாட்டிலுக்கு 10 யூரோவில் 5 சென்ட்தான் குறைவு.

அந்த பீரின் பெயர் ‘வெஸ்ட்வ்லெட்டரன் 12’. பக்கத்து நாடான பெல்ஜியத்தில், புனித சிக்ஸ்டஸ் மடத்தின் துறவிகள் காய்ச்சுவது. மடத்து வாசலில் அப்போது அதே பாட்டில் 2 யூரோவுக்கும் குறைவு. அதாவது, எல்லையைத் தாண்டியதும் விலை ஐந்து மடங்கு!

விஷயம் மடத்துக்குத் தெரிந்ததும் துறவிகள் கொதித்துப்போனார்கள். ‘மடத்துல இருக்கிறவங்களுக்கு பீர் எதுக்கு, அதுல கோபம் வேற எதுக்கு?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். மது உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், இந்தக் கதையில் இருக்கும் கேள்வி குடியைப் பற்றியது அல்ல. ‘இந்தப் பொருளை இங்கேதான், இந்த விலைக்குத்தான் விற்பேன்’ என்று செய்தவர் சொன்ன பிறகு, அதை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பது நியாயமா என்ற கேள்வி.

முதலில் அந்தத் துறவிகளைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். டிராப்பிஸ்ட் என்ற பிரிவைச் சேர்ந்த இவர்கள் 1830-களிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிவைத்த விதிகள்தான் இவர்களுடைய வாழ்க்கைமுறை. உன் கையால் உழைத்துச் சாப்பிடு என்கிறது அந்த விதி. கூடவே, மடத்தில் செய்யும் பொருளை விற்கும்போது வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும், விலையில் பேராசை நுழைந்துவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. மடத்தின் செலவுக்கும் தானதர்மத்துக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுகிறார்கள். கிராக்கி இருக்கிறதே என்று கொப்பரையைப் பெரிதாக்குவதில்லை.

2005-ல் ஓர் இணையதளத்தில் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு இதை உலகின் சிறந்த பீராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து மடத்து வாசலில் கார் வரிசைதான். துறவிகள் அசரவில்லை. போனில் முன்பதிவு செய்ய வேண்டும், கார் நம்பரைக் கொடுக்க வேண்டும், ஓர் ஆளுக்கு ஒன்றிரண்டு கிரேட்டுக்கு மேல் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை: வாங்குபவர் இதை வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிரேட்டில் 24 பாட்டில். 7,200 பாட்டில் என்றால் 300 கிரேட். ஒரு காருக்கு இரண்டு கிரேட் என்றே வைத்துக்கொண்டாலும் 150 கார்கள் மடத்துக்குப் போயிருக்க வேண்டும். 150 தடவை ஒரு துறவியிடம் ‘விற்க மாட்டேன்’ என்ற வாக்கு கொடுக்கப்பட்டு, 150 தடவையும் அது மீறப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பொய்களெல்லாம் இடைத்தரகர்கள் கைமாறி, கடைசியில் பளபளப்பான அலமாரியில் வந்து உட்கார்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுப் பொருளை இன்னொரு நாட்டில் விற்பதற்குத் தடையில்லை. கடைக்காரர் துறவிகளிடம் நேரில் எந்த வாக்கும் கொடுக்கவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் சுத்தம்!

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. அதற்கு முன்பு பீர் கம்பெனிகளே தெருவுக்குத் தெரு மதுக்கூடங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டன. அது திரும்பி வந்துவிடக் கூடாது என்று, மதுவிலக்கு நீங்கியதும் பெரும்பாலான மாநிலங்கள் மூன்று அடுக்கு ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தன. காய்ச்சுபவர் ஒருவர், மொத்த விநியோகஸ்தர் ஒருவர், கடைக்காரர் ஒருவர். கடைக்காரர் தன் மாநிலத்தின் உரிமம் பெற்ற விநியோகஸ்தரிடம்தான் வாங்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக்குப் போய்க் கடையில் வாங்கிவந்து விற்றால் குற்றம். நம் ஊருக்கு இது புதிதல்ல. புதுச்சேரியில் விலை குறைவு என்பதற்காக பாட்டில்களை வண்டியில் மறைத்து எடுத்துவந்து, சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்ளும் செய்தியை நாம் படிக்காத நாள் ஏது? இங்கேயும் மது, மாநில அரசின் அதிகாரத்தில் வரும் விஷயம்தான். ஆனால், புதுச்சேரி பாட்டிலை ஓட வைப்பது வரி. அமெரிக்காவில் க்ராஃப்ட் பீரை ஓட வைப்பது, ‘கிடைக்காது’ என்ற ஒரே வார்த்தை.

விஸ்கான்சின் மாநிலத்தில் ‘நியூ கிளாரஸ்’ என்றொரு நிறுவனம். 1993-ல் டெபோரா கேரி தொடங்கியது. அவர் கணவர் டேனியல்தான் காய்ச்சும் கலைஞர். இவர்களுடைய ‘ஸ்பாட்டட் கௌ’ - புள்ளிப் பசு என்று அர்த்தம் - விஸ்கான்சினைத் தாண்டி எங்கும் விற்கப்படுவதில்லை. ஒரு காலத்தில் பக்கத்து இல்லினாய் மாநிலத்திலும் விற்றார்கள். சொந்த ஊர்க்காரர்களுக்கே சரக்கு பற்றாமல் போனதும், சிகாகோ மாதிரி ஒரு பெரிய சந்தையை வேண்டாம் என்று உதறிவிட்டுத் திரும்பினார்கள். இன்று அமெரிக்காவின் பெரிய க்ராஃப்ட் பீர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை.

2015-ல், பக்கத்து மாநிலமான மினசோட்டாவில், மேப்பிள் குரோவ் என்ற ஊரின் மதுக்கூடம் ஒன்று ஸ்பாட்டட் கௌ ஊற்றிக் கொடுக்கிறது என்று புகார் போனது. அதிகாரிகள் வாடிக்கையாளர்கள் மாதிரி வந்து ஆர்டர் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். விஸ்கான்சினில் பீப்பாய்களை வாங்கி, எல்லை தாண்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பேர்மீது வழக்கு. அதுவும் சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய கடும் குற்றப் பிரிவில். இத்தனைக்கும், சொந்தமாகக் குடிக்க அளவோடு எடுத்துவருவதை அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. விற்றதுதான் குற்றம்.

பீருக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் தோன்றியது. அமெரிக்க மூன்றடுக்குச் சட்டங்கள் இன்று குடிப்பவரைவிட, மொத்த விநியோகஸ்தரைத்தான் அதிகம் காப்பாற்றுகின்றன. பல மாநிலங்களில் ஒரு சின்ன நிறுவனம் ஒரு விநியோகஸ்தரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிடிக்காவிட்டாலும் எளிதில் வெளியே வர முடியாது. அதனால், சட்டம் மீறப்பட்டது என்பதற்காக மட்டும் அந்த மதுக்கூடக்காரர்களைப் பெரிய பாவிகளாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. வெளி மாநிலத்துக்குப் போன ஒவ்வொரு பீப்பாயும் உள்ளூர்க் கடை ஒன்றில் இருந்திருக்க வேண்டியது. ‘ஊர்க்காரங்களுக்கு முதல்ல’ என்பதற்காக சிகாகோவையே விட்டுவிட்டு வந்தார் ஒருவர். அந்த முடிவை, அவரைக் கேட்காமலே இன்னொருவர் மாற்றி எழுதுகிறார்.

அடுத்தது, பொருளின் தரம். பீர் என்றால் பழசாகப் பழசாக ருசி என்று நினைப்பவர்கள் உண்டு. வெஸ்ட்வ்லெட்டரன் 12 போன்ற கனமான பீர் சில வருடம் தாங்கும். ஆனால், ‘ஹாப்ஸ்’ பூவின் வாசனையை நம்பிக் காய்ச்சும் பீர்கள் அப்படியல்ல. அரைத்த அன்றைக்கு மணக்கும் காபிப்பொடி, டப்பாவைத் திறந்துவைத்தால் என்ன ஆகிறது? அதே கதைதான். வெயில் பட்டால் இன்னும் மோசம். வெர்மான்ட் மாநிலத்தின் ‘ஹெடி டாப்பர்’ இந்த ரகம். சில்லென்று வைத்திருந்து, சீக்கிரம் காலி செய்ய வேண்டியது. அந்த பீருக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், 2013-ல் வாட்டர்பரி ஊரில் இருந்த தங்கள் கடையையே மூடினார்கள் உரிமையாளர்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் போக்குவரத்துத் தொல்லை! அதே வருடம், ஐந்து பெட்டி ஹெடி டாப்பரை இணையத்தில் 825 டாலருக்கு விற்க முயன்ற ஒருவர் அந்த மாநில மது அதிகாரிகளிடம் சிக்கினார். கடையில் அப்போது ஒரு கேன் சுமார் 3 டாலர். 120 கேனுக்கு 360 டாலர் என்று வைத்தால், இரண்டு மடங்குக்கு மேல்.

இப்படிக் கைமாறும் சரக்கு எத்தனை நாள் கார் டிக்கியில் வெந்தது, எந்த குடோனில் கிடந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. விலை கொடுத்து வாங்கி, வாயில் வைத்ததும் ‘இதுக்கா இவ்வளவு பேச்சு?’ என்பார். கெட்ட பெயர் காய்ச்சியவருக்கு, காசு விற்றவருக்கு.

கடைக்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. ‘நானா கிராக்கியை உண்டாக்கினேன்? அளவாகச் செய்து, தட்டுப்பாட்டை வளர்த்து, பேரைச் சம்பாதித்தது அவர்கள். மடம் வரை கார் ஓட்ட முடியாத ஒரு பெரியவருக்கு நான் கொண்டுவந்து கொடுத்தால் என்ன தப்பு?’ முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம்தான். அந்தப் பெரியவரிடம் 2 யூரோ பாட்டிலுக்கு பெட்ரோலும் கூலியும் சேர்த்து 3 யூரோ கேட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். 10 யூரோ கேட்கும்போது, மடத்துக்காரர் வேண்டாம் என்று விட்டுவைத்த 8 யூரோ யாருடைய பைகளுக்கோ போகிறது. விலையில் பேராசை கூடாது என்று சொல்லி அவர் விட்டது அது.

சிறைத் தண்டனைப் பிரிவில் வழக்கு வாங்கிய மினசோட்டா மதுக்கூடத்தைவிட, எந்த வழக்கும் இல்லாத அந்த சூப்பர் மார்க்கெட் வியாபாரம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

துறவிகள் கோர்ட்டுக்குப் போகவில்லை. 2019-ல் போன் முன்பதிவை விட்டுவிட்டு, ஆன்லைன் பதிவுக்கு மாறினார்கள். பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க 60 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கி அதிக நாளானவருக்கு முதலிடம். பாட்டில்களை எடுத்துக்கொள்ள மட்டும் அப்போதும் மடத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது.

பிரஸ்ஸல்ஸில் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களுக்குப் போனால், சில கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் அதே பாட்டில் நிற்கும். மடத்து விலையைப் போல் பல மடங்கு எழுதிய சீட்டோடு.