ஜூரிக்குச் சொல்லாத பின்விளைவுகள்

அமெரிக்காவில் கிரிமினல் வழக்கு ஜூரி முன் போகும்போது, முதலில் ஜூரியில் உட்காரப்போகிறவர்களைக் கேள்வி கேட்டுப் பொறுக்குவார்கள். அவர்களிடம் கேட்டுப் பதில் வாங்க குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றுதான். அப்போது, "குற்றவாளி என்று நீங்கள் சொன்னால் இவருக்கு என்னென்ன போகும் தெரியுமா?" என்று கேட்கலாமா?

போவது நிறைய. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றமென்றால், பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடும். பல மாநிலங்களில் வாக்குரிமை சில காலமாவது போகும். உரிமம் வாங்கிச் செய்யும் தொழில்கள் கைநழுவலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குத் திருட்டு வழக்கில் ஓராண்டுச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள் என்று வையுங்கள். ஒரு நாள்கூட உள்ளே இருக்காவிட்டாலும் அவரை நாடு கடத்தலாம். அதனால்தான் 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்றது.

கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். ஜூரியிடம் சொல்ல வந்தால் நீதிபதிகள் பெரும்பாலும் தடுத்துவிடுவார்கள். நடந்தது என்ன என்று பார்ப்பது ஜூரியின் வேலை, தண்டனை நீதிபதியின் வேலை என்பது வாதம். 1994-இல் ஷானன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையைத்தான் வலியுறுத்தியது. பரிதாபப்பட்டு ஒருவரை விட்டுவிட்டு, பரிதாபம் வராத இன்னொருவரை உள்ளே தள்ளக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்று, குடிமை உரிமைகள் திரும்பக் கிடைக்காதவர் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரியில் உட்கார முடியாது. பின்விளைவுகளை அனுபவித்து அறிந்தவரே அந்த அறையில் இல்லை. மிச்சமிருப்பவர்களில் ஒருவர், "சின்ன கேஸ்தானே, அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்" என்று நினைத்துவிட்டால், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும் என்ற விதி அவர் மனதில் தளர்ந்துவிடும்.

அதனால் வக்கீல் பின்விளைவுகளை அடுக்க வேண்டியதில்லை. "சின்ன வழக்கு என்றால் ஆதாரம் கொஞ்சம் குறைந்தாலும் போதும் என்று நினைப்பீர்களா?" என்று கேட்டாலே போதும். "ஆமாம்" என்று சொல்லி அதிலேயே நிற்பவரை விலக்கும்படி நீதிபதியிடம் கோரலாம். இந்தக் கேள்வி பரிதாபத்தைக் கேட்கவில்லை. கொலை வழக்கில் காட்டும் கவனத்தைத் திருட்டு வழக்கிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறது. குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் அது சேர வேண்டிய உரிமை.