கொல்லைப்புறம் – 9: மேலே கிடக்கட்டும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு மின்வாரிய ஆட்கள் வருவார்கள். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டுப் போவார்கள். குப்பை வண்டி வரும்வரை வாகையும் புங்கனும் வழியை அடைத்துக் கிடக்கும். போன வருஷப் புரட்டாசியில், “அண்ணே, அதை எங்க வாசல்லயே போட்டுடுங்க” என்றேன். ஏணியில் நின்றவர் குனிந்து பார்த்தார்.

“விறகுக்காம்மா?”

“தோட்டத்துக்கு. மூடாக்கு போட.”

“கறையான் வந்துரும்மா” என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

போன வாரம் சொன்ன வைக்கோல் மூடாக்கு சில மாதங்களில் மக்கிவிடும். மரச்சிம்பு ஒரு வருஷமாவது உழைக்கும். ஆனால் அதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் மரவாடியில் இரண்டு சாக்கு மரத்தூள் சும்மா கிடைத்தது. கத்தரிப் பாத்தியில் கொட்டி, மண்வெட்டியால் கொத்திக் கலந்துவிட்டேன். மூன்றே வாரத்தில் அடியிலைகள் வெளிறின. செடி வளராமல் அப்படியே நின்றது. நான் மண்ணுக்குச் சோறு போட்டதாக நினைத்தேன். செடி பட்டினி கிடந்தது.

கணக்கு இதுதான். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 400 பங்கு கரிமம் இருக்கும். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ 25 பங்கு கரிமத்துக்கே ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். துண்டு விழுவதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடிக்குப் போட்ட இலையில் அவை முந்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகின்றன. அதே மரத்தை மேலே பரப்பினால், மண்ணும் சிம்பும் தொடுகிற மெல்லிய பரப்போடு இந்தப் போட்டி நின்றுவிடும். வேர் வரைக்கும் இறங்காது.

எந்தக் கிளை நல்லது? கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லவால் பல்கலைக்கழகத்தின் ஜில் லெமியூ குழுவினர் 7 செ.மீ.க்கு உட்பட்ட பருமனுள்ள கிளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். மரத்தின் சத்து இளங்கிளையிலும் பட்டையிலும்தான் அதிகம். வைரம் பாய்ந்த அடிமரத்தில் மிகக் குறைவு. மின்வாரியத்தார் வெட்டிப் போடுவதும் பெரும்பாலும் இந்த மணிக்கட்டுப் பருமன்தான்!

வெட்டுக்கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கியதில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மண்ணை நன்றாக நனைத்து, எலுமிச்சை, கறிவேப்பிலை, கத்தரியைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். தண்டை ஒட்டிப் போட்டால் ஈரத்தில் பட்டை அழுகும்; மரத்துக்கு ஒரு சாண், செடிக்கு நான்கு விரல் இடம் விடுங்கள். கீரை விதைத்த பாத்திக்கு இது ஆகாது, முளை மேலே வராது. பிளைவுட் பட்டறைத் தூளைத் தொடவே வேண்டாம். அதில் பசை இருக்கும். மழைக்குப் பின் சிம்பின்மேல் வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள். அது மரத்தைத் தின்ன வந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதுமானதாக இருந்தது. இந்தப் புரட்டாசியில் விலக்கிப் பார்த்தேன். சிம்பு பாதியாகக் குறைந்திருந்தது. மண்வெட்டிக்கே மசியாத இடத்தில் ஆள்காட்டி விரல் இரண்டு கணு இறங்கியது.

அன்று தெருவில் மறுபடி ஏணி வந்து நின்றது. அதே அண்ணன்.

“கறையான் வந்துச்சாம்மா?”

“வந்துச்சுண்ணே. காய்ஞ்ச குச்சியத் தின்னுச்சு, செடியத் தொடல. சுவத்துலேர்ந்து ரெண்டடி தள்ளித்தான் போட்டிருந்தேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய முதல் கிளையை எங்கள் வாசல் பக்கம் தள்ளினார்.

(வளரும்)