பாறையில் யானை, கரையில் ஆமை

மாமல்லபுரத்தில் ‘அர்ச்சுனன் தபசு’ என்றும் ‘கங்கை இறக்கம்’ என்றும் அழைக்கப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் புடைப்புச் சிற்பம், அதாவது உருவங்கள் மேலெழும்பி நிற்குமாறு பின்புலப் பாறையைக் குடைந்தெடுத்த சிற்பம், போவோர் வருவோர் அனைவரும் காணத் திறந்தவெளியில் அமைந்ததாகும். தேவர்களும் முனிவர்களும் நிறைந்த அப்பாறையில் களிற்றின் காலடியில் கன்றுகள் ஒண்டிக்கிடக்கின்றன. மான் ஒன்று பின்னங்காலால் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. சற்றுத் தள்ளித் தனிக்கல்லில், குட்டிக்குப் பாலூட்டும் மந்தியின் தலையில் கடுவன் பேன் பார்க்கிறது. விலங்குகளோடு பழகிய கண்ணுக்கே இத்தகைய உருவங்கள் வசப்படும்.

அந்தப் பழக்கமே நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் இன்று காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுகிறது. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிக் கலைஞர்கள், அயல்நாட்டிலிருந்து வந்து காட்டின் அடிமட்டத்தையே மூடிவிட்ட உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, தங்கள் ஊர்வழியே நடமாடும் யானைகளை அவற்றின் உண்மையான அளவிலேயே உருவாக்குகின்றனர். 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் நியூயார்க் தெருக்களிலும் நின்ற அந்த யானைகளால், களைச்செடி குறைவதோடு கலைஞர்களுக்குக் கூலியும் கிடைக்கிறது. யானையோடு ஒரே நிலத்தில் வாழ்பவரே அதற்காகப் பேசுவதுதான் இம்முயற்சியின் வலிமை.

மாமல்லபுரக் கரைக்கோ யானையைவிட ஆமையே நெருக்கமான உயிர். மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் சிற்றாமை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழிபறித்து, நூறளவில் முட்டையிட்டு, உடலை இடவலமாக ஆட்டி மணலை இறுக்கிவிட்டு விடியுமுன் கடலுக்குத் திரும்பிவிடுவதால், ஊரார் பெரும்பாலும் காண்பது கரையொதுங்கிய அதன் சடலத்தையே. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் அவ்வாறு ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மேலே வர வழியின்றி மூச்சுமுட்டி இறக்கிறது. வலைக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பித் தடுப்பு, மீனை உள்ளே விட்டு ஆமையை மட்டும் வெளியேற்றிவிடும்.

2017இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரக் கற்சிற்பத்தின் பட்டறைகளில் உளிச்சத்தம் இன்றும் ஓயவில்லை. மணலை இறுக்கும் அந்த ஆமையைக் கருங்கல்லில் வடிக்கவல்ல கைகள் அங்குள்ளன. மீனவரும் சிற்பியும் கலந்துபேசி வடித்தால், அது சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் சாலையில் நிற்பதைவிட, விசைப்படகுகள் வலையேற்றிப் புறப்படும் துறைமுக வாசலில் நிற்பதே தகும்.