நாய்ப் பதிவும் மைக்ரோசிப்பும்: நியூஜிலாந்து விவசாயிகளின் அனுபவம்

ஆட்டு மந்தை வைத்திருக்கும் விவசாயிக்கு நாயைப்போல் உதவும் பிராணியும் இல்லை. நாயைப்போல் கேடு விளைக்கும் பிராணியும் இல்லை. பட்டியைக் காப்பதும் அதுவே. கட்டவிழ்ந்து திரியுங்கால் அயலார் பட்டியிற் புகுந்து ஓர் இரவில் பல ஆடுகளைக் கடித்துக் குதறுவதும் அதுவே. பொழுது விடிந்தபின், 'இது எவருடைய நாய்?' என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவ்விடையைத் தருவதே நாய்ப் பதிவுச் சட்டங்களின் முக்கிய பிரயோஜனமாகும். ஆடு வளர்ப்பிற் பெயர்பெற்ற நியூஜிலாந்து நாட்டில் இச்சட்டங்கள் வளர்ந்த வரலாறு, நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளத் தக்கது.

வரியாக இருந்த காலம்

அந்நாட்டில் 1880-ஆம் ஆண்டில் நாய்ப் பதிவுச் சட்டம் ஏற்பட்டது. பதிவுக் கட்டணத்தை ஜனங்கள் வெறும் வரியாகவே கருதினர். நாய் ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் கேட்டபோது, வடதீவின் ஹோகியாங்கா பகுதியிலுள்ள மாவோரி மக்கள் செலுத்த மறுத்தனர். 1898-இல் சர்க்கார் துருப்புக்களை அனுப்ப நேர்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதமின்றி விவகாரம் தீர்ந்தது. பயன் இன்னதென்று விளக்காமல் பணம் மட்டும் கேட்கும் பதிவு நிலைபெறாது என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

நோயை ஒழித்த பதிவு

நாயின் குடலில் வாழும் ஒருவகைச் சிறு நாடாப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. அவை ஆட்டின் வயிற்றிலோ மனிதர் வயிற்றிலோ சென்றால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். அக்கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு மீண்டும் புழு தொற்றும். இச்சங்கிலியை அறுக்க 1959-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய சபை ஒன்று அமைக்கப்பட்டது. நாய்களை ஒரிடத்திற் கூட்டி, பேதி மருந்து கொடுத்து, மலத்தைச் சோதித்தனர். அம்மருந்து கொட்டைப்பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்தாகும். பிற்காலத்தில் அதனினும் சிறந்த மருந்து வந்தது. ஆட்டின் பச்சைக் குடலும் ஈரலும் நாய்க்கு இடலாகாதென்றும் விதித்தனர். 2002-இல் அந்நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. எந்தப் பண்ணையில் எத்தனை நாய் உண்டு என்னும் கணக்கு இல்லாதிருப்பின் இக்காரியம் கைகூடியிராது.

தற்காலச் சட்டம்

1996-ஆம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மூன்று மாத வயது நிரம்பிய ஒவ்வொரு நாயையும் ஸ்தல சபையிற் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்து நஷ்டம் உண்டாக்கினால், சொந்தக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டுவதில்லை. நஷ்டத்துக்கு அவரே பொறுப்பாளி.

2006-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், புதிதாகப் பதியப்படும் நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்துதலும் கட்டாயமாயிற்று. மந்தையை ஓட்டுவதற்கென்றே வளர்க்கப்படும் வேலை நாய்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் அவற்றையும் பதிவு செய்தே ஆகவேண்டும்.

மைக்ரோசிப் என்பது யாது?

இஃது அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி. கால்நடை மருத்துவர் இதனை ஊசிமூலம் நாயின் இரு தோள்களுக்கு இடையே தோலின்கீழ்ச் செலுத்துவார். இதனுள் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகிற் பிடித்தால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். இந்நாட்டில் மாடுகளின் காதில் மாட்டும் 12 இலக்க வில்லையைப் போன்றதே இதுவும். ஆயின் அறுந்து விழாது, கழற்றவும் இயலாது.

இதுபற்றிய ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். காணாமற்போன நாய் எங்கே இருக்கிறது என்பதை மைக்ரோசிப் காட்டாது. சொந்தக்காரரின் பெயரும் அதனுள் இல்லை. எண் மட்டுமே உண்டு. பெயரும் விலாசமும் பதிவேட்டில் உள்ளன. ஆகவே நாயை விற்றாலும் குடிபெயர்ந்தாலும் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று நியூஜிலாந்துச் சட்டம் வற்புறுத்துகிறது. பதிவேடு பழையதாயின், சிப் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

கிராமங்களிற் செய்யத்தக்கவை

நியூஜிலாந்தில் வெறிநாய்க்கடி நோய் இல்லை; இந்நாட்டில் உண்டு. ஆதலின் நாய்க் கணக்கு இங்கு இன்னும் அவசியமாகும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை.

1. கிராமத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, நாயின் நிறம், பால், சொந்தக்காரர் பெயர், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றை எழுதி, ஆண்டுக்கொருமுறை திருத்துக.

2. நாய்க்குக் கழுத்துப் பட்டை கட்டி, ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிக்க. இரவில் அவிழ்த்துவிட்டு ஊர் சுற்ற விடற்க.

3. ஆடு அறுக்குமிடத்தில் ஈரலும் குடலும் நாய்க்கு எட்டாதபடி ஆழப் புதைக்க.

4. நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கடித்த நாய் இன்னாருடையதெனத் தெரிந்தால் அதனைப் 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்கலாம்; ஆயின் அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது.

பதிவு என்பது சர்க்காருக்காக மட்டும் செய்யும் காரியமன்று. கடியுண்ட குழந்தைக்கும், ஆட்டை இழந்த விவசாயிக்கும், வீண்பழி சுமத்தப்பட்ட நாய்க்காரருக்கும் அதுவே சாட்சியாக நிற்கும்.