ஒரே தூண்டில் போதும். நரம்பை மட்டும் ஏரியில் விடாதீர்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ தூண்டில் கடைக்குப் போனால், கழியின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் ‘பாஸ்’ என்று இருக்கும். அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் ஏரியில் அந்த மீன் இல்லை. ஆனாலும் விடுமுறை நாளில் காஞ்சிபுரத்திலிருந்து தாமல் கரைக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர் வாங்க வேண்டியது அந்தப் ‘பாஸ்’ கழியைத்தான். காரணம், விரால்.

இரண்டுக்கும் உறவு கிடையாது. சுபாவம் மட்டும் ஒன்று. பாஸ் மீன் பாசிக்கும் நாணலுக்கும் நடுவே பதுங்கிக் கிடந்து பாயும். விராலும் இரையைத் துரத்திக்கொண்டு அலையாது. ஆகாயத்தாமரை ஓரத்தில், கோரைப் புல் இடுக்கில், மூழ்கிக் கிடக்கும் கருவேல முள்ளின் நிழலில் அசையாமல் நிற்கும். தலைக்கு மேல் தவளை போனால் ஒரே இழுப்பில் வாய்க்குள் போய்விடும். அடுத்த நொடி மீனும் புல்லுக்குள் போய்விடும். அந்த ஒரு நொடிக்குள் மீனைத் திருப்பத் தெம்புள்ள கழி கையில் இருக்க வேண்டும். பாஸ் மீனுக்காக ஜப்பானும் அமெரிக்காவும் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்த கருவி, நம் ஏரிக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்துவது இதனால்தான்.

அந்த உழைப்புக்குப் பின்னால் பெரிய ஆசை இருந்தது. 1932-ல் ஜார்ஜியாவில் பிடிபட்ட பத்துக் கிலோ பாஸ் 77 ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா 10.12 கிலோ மீனைப் பிடித்து அதைச் சமன் செய்தார். ஜப்பானுக்கு இந்த மீன் 1925-ல்தான் வந்து சேர்ந்தது. அந்நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 2005-ல் அதை உயிரோடு வைத்திருப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நமக்கு அந்த மீன் வேண்டாம். கழி மட்டும் போதும்.

என்ன கழி?

7 அடி நீளம். ‘மீடியம் ஹெவி’ என்று குறித்திருக்கும் வலிமை. ‘ஃபாஸ்ட்’ என்று குறித்திருக்கும் வளைவு. அதாவது கழியின் நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்து, மிச்சம் விறைப்பாக நிற்கும். எறியும் பொய்யிரையின் எடை 7 கிராமிலிருந்து 28 கிராம் வரை இருக்கலாம் என்று கழியில் எழுதியிருந்தால், ரப்பர் தவளையும் போகும், கரண்டித் தகடும் போகும், ஈயத்தலை வைத்த ரப்பர் மீனும் போகும். இரண்டு துண்டாகக் கழலும் கழியாக வாங்குவது நல்லது. ஏழடிக் கழியை முழுசாகத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது.

ஏன் ஒரே கழி என்று கேட்கலாம். பாலாறு நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியே தாமலுக்கும் வருகிறது. அதே பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேர்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் அப்படிப்பட்ட கழிமுகங்களின் மீன் கொடுவா. ஆங்கிலத்தில் அதற்கு ஆசியக் கடல் பாஸ் என்றே பெயர். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய மீனும் இதுதான். ஆணாக முதிர்ந்து, பின்னால் பெண்ணாக மாறும் விந்தையான பிறவி. ஏரியில் விரால், முகத்துவாரத்தில் கொடுவா என்று இரண்டுக்கும் ஒரே 7 அடிக் கழி ஈடுகொடுக்கும். தனித்தனியாக வாங்கச் சொல்கிறவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் கரைக்கு வருகிறவருக்கு அது தேவையில்லாத செலவு.

ரீலுக்கு வருவோம். கழிக்குக் கீழே தொங்கும் ‘ஸ்பின்னிங்’ ரீலில் 3000 அல்லது 4000 என்ற அளவு சரி. கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நூல் சுற்றும் பாகம் ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். கழியில் மிச்சம் பிடித்தாலும் ரீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் முதலில் சாவது ரீல்தான். கடலோரம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காய வைக்க வேண்டும்.

கழிக்கு மேலே உட்காரும் ‘பெய்ட்காஸ்டர்’ ரீல்தான் பாஸ் பிடிக்கிறவர்களின் உண்மையான ஆயுதம், குறி வைத்து எறிய அதற்கு நிகரில்லை என்பது ஒரு கட்சி. இருக்கட்டும். ஆனால் அந்த ரீலில் இரை தண்ணீரில் விழும் கணத்தில் கட்டைவிரல் உருளையை நிறுத்தத் தவறினால் உருளை ஓடிக்கொண்டே இருக்கும், நூல் பொங்கிப் பந்தாகும். புதிதாகக் கற்கிறவர் அரை மணி நேரம் பிரித்துப் பார்ப்பார். பிறகு கத்தியை எடுப்பார். இருபது முழ நூல் கரையில் விழும்.

அந்த இருபது முழத்தைப் பற்றித்தான் கழியையும் ரீலையும் விட அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

தூண்டில் நரம்பு ஒரு காலத்தில் பட்டாக இருந்தது. பட்டு நெசவு ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? எண்ணெய் ஊட்டிய பட்டுப் பின்னல்தான் ஐரோப்பியத் தூண்டில்காரர்களின் நூல். தூண்டில் முள்ளை ஒட்டி வரும் கடைசிப் பகுதிக்கும் பட்டுப்புழுதான் கொடை. கூடு கட்டத் தயாரான புழுவை வினிகரில் ஊறப் போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்தால் கண்ணாடிபோல ஒரு நரம்பு வரும். ஸ்பெயினின் மூர்சியா பகுதி இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றி 1873-லும், ஏரித் தூண்டிலுக்கென்றே தனியாக 1887-லும் நூல் எழுதினார். அவர் காலத்தில் நைலான் இல்லை. ஏரியில் அறுந்து விழுந்த பட்டு ஏரியிலேயே மட்கிப் போயிற்று.

1930-களின் கடைசியில் நைலான் சந்தைக்கு வந்தது. 1990-களில் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய ‘பிரெய்டு’ வந்தது. உறுதியில் இரண்டும் பட்டைத் தோற்கடித்தன. மட்குவதில்லை என்பதுதான் அவற்றின் குற்றம். நைலான் நரம்பு ஒன்று நீரில் சிதைய 600 ஆண்டு ஆகலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இந்தத் தீபாவளிக்கு வெட்டிப் போட்ட நரம்பு பத்துத் தலைமுறைக்குப் பிறகும் மதகில் சுற்றிக் கிடக்கும்.

அதில் மாட்டுவது மீன் மட்டுமல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஏரிகள் முழுவதும் நீர்ப்பறவைகளின் மேய்ச்சல் நிலம். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரையும் நீர்க்காகமும் இரை தேடிச் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறக்கின்றன. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் தண்ணீருக்குள் மூழ்கி, பாசிக்கு நடுவே மீனை விரட்டுகின்றன. மெல்லிய நரம்பு அவற்றின் கண்ணுக்குப் படாது. காலிலோ இறக்கையிலோ ஒரு சுற்றுப் போட்டால் பறவை உதறும். உதற உதற இறுகும். வேடந்தாங்கல் ஊரார், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கச் சொல்லி அன்றைய கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே அதற்கு உத்தரவு வாங்கியவர்கள். துப்பாக்கியிலிருந்து காப்பாற்றிய பறவையை இன்று பொழுதுபோக்கு நரம்பில் தொங்க விடலாமா?

ஆகவே, நல்ல கருவி எது என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை சொல்லும் விடை, ஏரியில் மிகக் குறைவான நரம்பை விட்டுவிட்டு வரும் கருவி. மெலிந்த கழியில் மலிவான நரம்பு விராலின் முதல் இழுப்பிலேயே அறும். ஐம்பது அடி நரம்பு புல்லோடு போகும். அதனால்தான் மீடியம் ஹெவி. அதனால்தான் சிக்கல் குறைந்த ஸ்பின்னிங் ரீல்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் தறி ஊர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரெய்டு நான்கு புரியிலும் எட்டுப் புரியிலும் கிடைக்கும். எட்டுப் புரி வழவழப்பு, தூரம் போகும். ஒரே பருமனுள்ள நூலில் நான்கு புரியின் ஒவ்வொரு புரியும் தடிமன் என்பதால் முள்ளிலும் கோரையிலும் உரசினாலும் தாங்கும். தாமலுக்கு நான்கு புரி, 40 பவுண்டு இழுப்பைத் தாங்குவது. உருளையில் நேராகச் சுற்றினால் பிரெய்டு வழுக்கும். அடியில் பத்துச் சுற்று நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் ஏற்ற வேண்டும்.

அடுத்து லீடர். பிரெய்டின் நுனியில் மூன்றடிக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பு கட்டுவது வழக்கம். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல வெட்டும் என்பதால் பிரெய்டைவிட வலுவான லீடர் கட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பிரெய்டு 40 பவுண்டு என்றால் லீடர் 30 பவுண்டாக இருக்கட்டும். தூண்டில் முள் கருவேலத்தில் சிக்கி, இழுத்து அறுக்க நேர்ந்தால், எப்போதும் லீடர் பக்கமே அறும். ஏரியில் மிஞ்சுவது அதிகம் போனால் மூன்றடி. பிரெய்டு முழுசாக ரீலுக்குத் திரும்பும். இரண்டையும் இணைக்க ‘எஃப்ஜி’ முடிச்சு நல்லது; பிரெய்டை லீடர் மேல் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சுற்றி இறுக்குவதுதான் அது. பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை விரலால் முறுக்கிப் பிணைத்துப் பழகிய கை, இதை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும்.

ரீலின் ‘டிராக்’ பிடியைக் கைக்கணக்கில் திருகி விடாதீர்கள். 30 பவுண்டு என்பது சுமார் பதின்மூன்றரை கிலோ. அதில் கால் பங்கு, அதாவது மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இழுப்பில் நூல் கழன்று ஓட வேண்டும். நரம்பு நுனியில் தொங்கு தராசைக் கட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகை எடுத்தவர் இருக்கும் ஏரியில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டிலைப் பிரிக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது.

வெட்டிய நரம்பை என்ன செய்வது? ஃபுளோரிடாவில் படகுத் துறைகளிலும் மீன்பிடிக்கும் பாலங்களிலும் பிவிசி குழாயை வெட்டி நிறுத்தி, அதற்குள் பழைய நரம்பைப் போட வைக்கிறார்கள். அரை ஆள் உயரக் குழாய், வாயில் ஒரு வளைவு, அடியில் மூடி, அவ்வளவுதான். தாமல் மதகுக்கு ஒன்று, கலங்கலுக்கு ஒன்று என்று வைக்க ஊராருக்கு ஒரு நாள் போதும். பட்டுச் சரிகைத் துணுக்கைக்கூடக் குப்பையில் போடாத ஊர்களுக்குப் பக்கத்தில்தான் இந்த ஏரி இருக்கிறது.

குழாய் வரும்வரை, வெட்டிய நரம்பை அரைச் சாண் துண்டுகளாக நறுக்கிச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கரையில் வேறு யாரோ விட்டுப் போனது கண்ணில் பட்டால் அதையும்.